மேக்கர்ஸ் மார்க் போர்பனில் 15 மி.லி. சர்க்கரைப் பாகு விட்டுச் செய்யும் ஓல்டு ஃபேஷன்ட் காக்டெயில் திகட்டுவது ஏன்?

போர்பனை (மக்காச்சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி) மாற்றுங்கள். வைல்ட் டர்க்கி 101 (50.5% ஆல்கஹால்) அல்லது எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், பாட்டில்ட்-இன்-பாண்ட் (அமெரிக்கச் சட்டப்படி 50% ஆல்கஹாலில் அடைத்தது) போதும். 12 ஆண்டுப் புட்டி தேடி அலைய வேண்டாம்.

மேக்கர்ஸ் மார்க் மட்டமான சரக்கு இல்லை. ஆனால் அதில் வழக்கமான ரை தானியத்துக்குப் பதில் கோதுமை. காரம் குறைவு, இனிப்பு தூக்கல். அதன்மேல் பாகும் விட்டால் திகட்டத்தான் செய்யும். 45% என்பதால் ஐஸ் கரையக் கரையச் சீக்கிரமே நீர்த்தும் போகும்.

புதுப் புட்டி வாங்குமுன் ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் சொன்ன 15 மி.லி. பாகு மிக அதிகம். 60 மி.லி. போர்பனுக்குச் சர்க்கரையும் நீரும் சரிக்குச் சரி காய்ச்சிய பாகு 5 மி.லி., அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) 3 சொட்டுவீச்சு (டேஷ்), பெரிய ஐஸ் கட்டி. 20 விநாடிதான் கலக்க வேண்டும். திகட்டல் போய்விட்டால் குற்றம் பாகுடையது, போர்பனுடையது அல்ல.

வைல்ட் டர்க்கி 101-க்கு மாறினால் 50 மி.லி. போதும். அதே 60 ஊற்றினால் ஆல்கஹால் 27-லிருந்து 30 மி.லி.க்கு ஏறும், நாக்குக்குத் தெரியாது. கோக்கில் கலக்கவென்றால் ஜிம் பீம் வெள்ளை லேபிளே தாராளம்.