தனக்குப் பின் நூலை இன்னொருவர் முடிக்க, மூத்த உளவியலாளர் எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

"என் நூலை முடித்துவிடு" என்று மட்டும் எழுதினால் சிக்கல்தான். பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பின்னும் குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கும். அது வாரிசுகளிடம் போகும். வாரிசு மறுத்தால், முடித்துக் கொடுக்க வந்த மாணவர் கையைப் பிசைய வேண்டியதுதான். ஆகவே நூலுக்கான அதிகாரம் யாருக்கு என்பதை உயிலிலும் எழுதுங்கள். கடிதம் வேலைக்குறிப்பு, உயில் சட்ட ஆவணம். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. பதிப்பக ஒப்பந்தம் இருந்தால் ஆசிரியர் மரணம் பற்றிய பிரிவையும் பாருங்கள். மாற்று எழுத்தாளரைப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கலாம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும்.

கடிதத்தின் உயிர்நாடி அத்தியாய நிலவரம். எது கைவைக்கக் கூடாதது, எது திருத்தலாம், எது வெறும் குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி, கடைசிப் பிரதியின் கோப்புப் பெயரையும் தேதியையும் சேருங்கள். இல்லையேல் பழைய பிரதியே அச்சாகும். நீங்களே கைவிட்ட கருத்துகளையும் குறிப்பிடுங்கள். பழைய குறிப்பேட்டிலிருந்து அவற்றைப் பக்தியோடு மீட்டெடுக்கும் சீடர்கள் உண்டு!

உளவியலாளருக்கே உரிய ஆபத்து நோயாளிக் குறிப்புகள். ரகசியக் கடமை மரணத்தோடு முடிவதில்லை. பெயரை மாற்றினால் போதாது. தொழில், ஊர், குடும்ப அமைப்பு சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எழுத்து மூல ஒப்புதல் உள்ளவற்றை மட்டும் பட்டியலிட்டுக் கொடுங்கள், மூலக் கோப்புகளைக் கொடுக்காதீர்கள்.

அட்டையில் பெயர் வரிசை, உரிமைத்தொகை விகிதம், மாற்று ஆள், கெடு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும். முடிப்பவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள்.