‘ஃபாத்திமா’ என்ற பெயரின் உண்மையான பொருள் என்ன?

“மகளுக்கு ஃபாத்திமா என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பெயர்ப் பட்டியலில் ‘மனம் கவர்பவள்’ என்று இருக்கிறது, இன்னொன்றில் ‘பால்குடியை நிறுத்துபவள்’ என்று போட்டிருக்கிறது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு வீட்டில் பெரியவர்கள் சங்கடப்படுகிறார்கள். எது சரி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவதுதான் சரி. எனக்கும் இதே பெயர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரபியில் ஃப-த-ம என்ற மூன்றெழுத்து வேருக்கு ‘துண்டித்தல்’, குறிப்பாகக் குழந்தையைத் ‘தாய்ப்பால் மறக்கச் செய்தல்’ என்று பொருள். பால் மறந்த குழந்தை ஃபதீம். பால் மறக்கடிப்பது ஃபிதாம். அதைச் செய்கிறவள் ஃபாத்திமா. ‘மனம் கவர்பவள்’ என்ற பொருளுக்கு இந்த வேரில் இடமே இல்லை. கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று யாரோ எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்டே போகிறார்கள்.

அப்போதுதான் பிறந்த பெண் குழந்தைக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். கதீஜா என்றால் குறைமாதத்தில் பிறந்தவள். ஆயிஷா என்றால் வாழ்பவள், உயிரோடிருப்பவள். மூன்றுமே நபி (ஸல்) அவர்களின் குடும்பத்துப் பெயர்கள்: கதீஜா முதல் மனைவி, ஃபாத்திமா மகள், ஆயிஷா பின்னாளில் மணந்த மனைவி. மூன்றுமே பிரசவ அறையிலும் தொட்டிலருகிலும் பிறந்த சொற்கள். குழந்தை பிழைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில், பால் மறக்கும் வயது வரை வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி. ‘இவள் வளர்ந்து, தாயாகி, தன் பிள்ளையைப் பால் மறக்கும் வயது வரை கொண்டுவந்து சேர்க்கட்டும்’ என்ற வேண்டுதலாகத்தான் நான் இந்தப் பெயரை வாசிக்கிறேன். இஸ்லாத்துக்கு முன்பே அரபுகளிடம் புழங்கிய பெயர் இது. நபியின் மருமகனான அலீ (ரலி) அவர்களின் தாயார் பெயரும் ஃபாத்திமாதான்.

‘அல்லாஹ் நபிமகள் ஃபாத்திமாவையும் அவரை நேசிப்பவர்களையும் நரகத்திலிருந்து துண்டித்துவிட்டான், அதனால்தான் இந்தப் பெயர்’ என்று ஒரு விளக்கமும் உண்டு. ஷியா மரபில் அது பரவலாகச் சொல்லப்படுகிறது. சுன்னி ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்கள் பலர் அந்த அறிவிப்பை ஏற்பதில்லை. வேர்ச்சொல் ஒன்றுதான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

‘பால் நிறுத்துவது’ என்றதும் ஏதோ கடுமையான காரியம் போலத் தோன்றும். என் தம்பிக்குப் பால் மறக்கடித்தபோது எனக்கு ஏழு வயது. உம்மும்மா (பாட்டி) வேப்பிலையை அம்மியில் அரைத்து உம்மாவிடம் கொடுத்தார். தம்பி வாய் வைத்தான், முகம் சுளித்தான், பிறகு வீறிட்டு அழுதான். மூன்று ராத்திரி அவனை உம்மும்மாதான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பக்கத்து அறையில் உம்மாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள், அறை முழுக்க அந்த வாசனை. அவன் அழும்போதெல்லாம் உம்மாவும் அழுதார். நான்காம் நாள் காலையில் வெல்லம் கரைத்த கஞ்சியைக் கிண்ணத்தோடு பிடுங்கிக் குடித்தான். என் பெயரின் பொருளை நான் பார்த்தது அங்கேதான்.

நபிமகள் ஃபாத்திமாவுக்கு ‘உம்மு அபீஹா’ என்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘தன் தந்தைக்குத் தாயானவள்’ என்று அர்த்தம். கஅபாவருகே தந்தை ஸஜ்தாவில் (தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து) இருந்தபோது எதிரிகள் ஒட்டகத்தின் கழிவுகளை அவர் முதுகில் போட்டார்கள். ஓடி வந்து அதை அகற்றியவர் சிறுமியாக இருந்த இந்த மகள். இதைப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சங்கடம் போய்விடும்.

கூடவே நபிமகளின் இன்னொரு பட்டப்பெயரான ‘ஸஹ்ரா’வைச் சேர்க்க நினைத்தால் ஒரு விஷயம். அதைப் ‘பூ’ என்று பலர் எழுதுகிறார்கள். பூவுக்கான அரபுச் சொல் ஸஹ்ரத். இந்தப் பட்டப்பெயர் நெடில் ஆகாரத்தில் முடியும் ஸஹ்ராஃ. அதற்கு ‘ஒளிர்பவள்’ என்று பொருள். எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய வம்சம் தன்னை இவர் வழி வந்ததாகவே சொல்லிக்கொண்டது. அவர்கள் கெய்ரோவில் கட்டிய அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் பெயரும் ஸஹ்ராவின் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

பெயர் போன தூரமும் பெரிது. துருக்கியில் ஃபத்மா, மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபாத்துமாத்தா, ஈரானில் ஃபாத்தெமே. போர்ச்சுகலில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் எச்சமாக ஓர் ஊருக்கே ஃபாத்திமா என்று பெயர். 1917-இல் அங்கே மூன்று இடையர் குழந்தைகளுக்கு மாதா காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். மதுரையில் பாத்திமா கல்லூரி இருப்பதும், நம்மூர்க் கிறிஸ்தவப் பெண்களில் பாத்திமா மேரிகள் இருப்பதும் அந்த வழியில்தான்.

தமிழில் எழுதும்போது ‘த்தி’ என்று இரட்டித்தே எழுதுங்கள். ஒற்றைத் தகரம் போட்டால் நம் நாக்கு அதை மெலிதாக்கிவிடும், அரபியின் அழுத்தமான ஒலி போய்விடும். முதலெழுத்து ‘ஃபா’வோ ‘பா’வோ, எதுவானாலும் சரி. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

வீட்டில் எப்படிக் கூப்பிடுவது என்பதை வீடே முடிவு செய்துகொள்ளும். என்னை உம்மும்மா கடைசி வரை ‘பாத்துமுத்து’ என்றுதான் கூப்பிட்டார்.