குறைந்த செலவில் பேஸ் கிட்டாருக்கு ஃபிளாட்வுண்ட் கம்பி: எதை வாங்குவது, எப்படிப் போடுவது?

கேள்வி: குன்னூரில் சர்ச் கொயருக்கு நாலு கம்பி பேஸ் வாசிக்கிறேன். 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் பகுதியின் நீளம்). இப்போது இருப்பது 45-105 ரவுண்ட்வுண்ட் (மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஓசை கூர்மையாக இருக்கிறது, விரல் தேயும் சத்தமும் ஸ்பீக்கரில் கேட்கிறது. ஃபிளாட்வுண்ட் போடச் சொல்கிறார்கள், ஆனால் விலை மலைக்க வைக்கிறது. கட்டுப்படியாகிற செட் எது?

பதில்:

பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் எடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பச்சை நாரை நீக்கிவிட்டு, மெத்தென்ற பகுதியை நாலு கம்பிக்கும் குறுக்கே எட்டும் அளவுக்கு வெட்டி, பிரிட்ஜை (உடலில் கம்பி தங்கும் உலோகப் பாகம்) ஒட்டிக் கம்பிக்கு அடியில் செருகுங்கள். கம்பியை மேலே தள்ளக் கூடாது, லேசாகத் தொட்டால் போதும். டோன் குமிழைப் பாதிக்கு இறக்கி ஒரு பாமாலைப் பாட்டை முழுதாக வாசித்துப் பாருங்கள். 'தும்' என்று விழுந்து சட்டென்று அடங்கும் ஓசைதான் நீங்கள் தேடியது என்றால் செலவே இல்லாமல் வேலை முடிந்தது. பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள் இதே காரணத்துக்காக ஃபோம் துண்டு வைத்திருந்தார்கள்.

ஸ்பாஞ்சால் ஆகாதது ஒன்று உண்டு. விரல் சறுக்கும்போது வரும் 'சர்ர்' அதனால் போகாது, ஏனென்றால் அது கம்பியின் மேற்பரப்பிலிருந்து வருகிறது. ரவுண்ட்வுண்டில் நடுக்கம்பியின் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும். நகத்தை நீளவாக்கில் இழுத்தால் சீப்பின் பல்லில் இழுப்பது போலத் தடதடக்கும். ஃபிளாட்வுண்டில் வெளிச்சுற்று தட்டையான ரிப்பன், நகம் வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் குறைவது மட்டுமில்லை, ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தேய்வதும் குறையும்.

விலைக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். ஃபிளாட்வுண்ட் செட் சாதாரண ரவுண்ட்வுண்டைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு விலை போகும். ஆனால் ரவுண்ட்வுண்டின் பள்ளங்களில் வியர்வையும் தோல் அழுக்கும் அடைந்து, தொடர்ந்து வாசிப்பவருக்குச் சில மாதங்களிலேயே பளிச்சென்ற ஓசை செத்துவிடும். ஃபிளாட்வுண்டில் அந்தப் பளபளப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே அது போனாலும் நஷ்டமில்லை. ஒரே செட் வருடக்கணக்கில் ஓடும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃபிளாட்வுண்டைப் போட்டுவிட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாதவர் என்றே பெயர் வாங்கியவர். குறைந்த செலவு என்பதை மூன்று வருடக் கணக்கில் பாருங்கள், அப்போது ஃபிளாட்வுண்ட்தான் மலிவு.

உங்கள் இடத்துக்கும் அது பொருந்தும். கல்லில் கட்டிய, கூரை உயர்ந்த பழைய சர்ச்சுகளில் கீழ் ஸ்வரங்கள் சுவரில் மோதி நெடுநேரம் சுழலும். மிகத் தடித்த ஈ கம்பியை அழுத்தாமல் வாசிக்கும் ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அது அடங்குவதற்குள் அடுத்தது விழுந்தால் கொயரின் ஆண் குரல்கள் மங்கிப்போகும். சீக்கிரம் தணியும் கம்பி அங்கே பெரிய உதவி.

இனி எந்த செட் என்று பார்ப்போம். இந்த விஷயத்தில் பிராண்டைவிடத் தடிமன்தான் முக்கியம், பலரும் சறுக்குவதும் அங்கேதான். ஒரே தடிமனில் ஃபிளாட்வுண்ட் பொதுவாக இழுவிசை கூடியதாக இருக்கும். ரிப்பன் சுற்றில் இடைவெளி இல்லாததால் அதே தடிமனுக்குள் உலோகம் அதிகம், எடை அதிகம், அதே சுருதிக்கு ஏற்ற இன்னும் இறுக்கமாக முறுக்க வேண்டும். நீங்கள் 45-105-க்குப் பதில் 45-105 ஃபிளாட்வுண்டையே போட்டால் கம்பி இரும்புக் கம்பியாக விறைக்கும், நெக்கும் முன்னால் வளையும். ஒரு படி மெல்லிய 45-100 எடுங்கள். ஃபெண்டர் 9050எல் (45, 60, 80, 100) அல்லது டாடாரியோ குரோம்ஸ் இசிபி81 (45, 65, 80, 100), இரண்டில் எது கைக்குக் கிடைக்கிறதோ அது. இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிப்பன். குரோம்ஸ் புதிதாக இருக்கும்போது கொஞ்சம் பளிச்சென்று ஒலிக்கும், ஃபெண்டர் தொடக்கத்திலிருந்தே அடக்கம். விலை சமமாக இருந்தால் சர்ச்சுக்கு நான் ஃபெண்டரையே சொல்வேன்.

லா பெல்லாவில் 760எஃப்எல் (43-104) அருமையான செட், தள்ளுபடியில் வந்தால் விடாதீர்கள். ரோட்டோசவுண்ட் 77 மோனெல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிப்பன், விரலுக்குச் சற்று முரடு. தொமாஸ்டிக் ஜேஎஃப்344 மிகவும் தளர்வானது, இனிமையானது, ஆனால் விலையைக் கேட்டால் இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது. பெயர் தெரியாத மலிவு செட்டில் ஓசையைவிட ஸ்வரம் காலை வாரும். நடுக்கம்பி சீராக இல்லாவிட்டால் 12-ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்), அழுத்தி வாசித்த ஸ்வரமும் எவ்வளவு திருகினாலும் ஒன்று சேராது. ரிப்பன் விளிம்பு சரியாக உட்காராமல் விரலைக் கீறுவதும் உண்டு.

பழைய கம்பி வாங்கலாமா என்றால், ஃபிளாட்வுண்டில் தாராளமாக வாங்கலாம். வாசித்துப் பழகிய செட்டின் ஓசை இன்னும் நன்றாகவே இருக்கும். ஆனால் நீளத்தை அளந்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் ட்யூனர் உள்ள பேஸுக்காக வெட்டிய கம்பி, நாலு ட்யூனரும் ஒரே வரிசையில் உள்ள பேஸில் மிக மெல்லிய ஜி கம்பிக்கு எட்டாமல் போகலாம். மடிப்பு விழுந்த கம்பி வேண்டவே வேண்டாம்.

புது செட் என்றாலும் லாங் ஸ்கேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். கம்பியின் நுனியில் இருக்கும் பட்டு நூல் சுற்று நட்டை (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பி தங்கும் பள்ளமுள்ள துண்டு) தாண்டித்தான் தொடங்க வேண்டும், நட்டின் மேலேயே வந்தால் ஓசை மழுங்கும். உங்கள் பேஸில் கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக வருகிறது என்றால், பிரிட்ஜ் வழியாகவும் போட வழி இருக்கிறதா பாருங்கள். அந்தக் கூர்மையான திருப்பத்தில் ரிப்பன் விரிந்து உடையலாம்.

போடும்போது நாலையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கம்பியைப் பிரிட்ஜில் கோத்து, முறுக்கு ஏறாமல் தானாகச் சுழலவிட்டு நேராக்குங்கள். ட்யூனர் தூணைத் தாண்டி 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்கோணமாக மடக்குங்கள். மடித்த பிறகு, மடிப்புக்கு வெளியே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் ரிப்பன் சுருள்வில்லைப் போலப் பின்னாலேயே பிரிந்துகொண்டு போகும், அந்தக் கம்பி பிறகு எதற்கும் ஆகாது. மடித்த முனையைத் தூணின் நடுத்துளையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வரட்டும். ட்யூன் செய்யும்போது 'டிக் டிக்' என்று தாவினால் நட் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது, பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். 110 போன்ற தடித்த கம்பிக்குப் பள்ளத்தையே அராவ வேண்டும், 45-100-க்கு அந்த வேலை இல்லை.

சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விட்டுவிட்டு நெக்கைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஈ கம்பியை நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் அழுத்துங்கள். 7, 8-ஆம் ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே சுமார் 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கனமான விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. அதிகம் என்றால் டிரஸ் ராடை (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்புங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். இறுகி நகராத ராடைப் பலத்தோடு திருகினால் உடையும், அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிறகு 17-ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் வைத்தால் நல்ல தொடக்கம். இன்டொனேஷனை (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சேரும்படி பிரிட்ஜில் கம்பியின் நீளத்தை அமைப்பது) கடைசியில் சரிசெய்யுங்கள்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும், கேரல் ரவுண்டும் அதே டிசம்பரில் வருகிறது. வெளியே பனியில் வாசித்துவிட்டு வந்த பேஸை ஈரத்தோடு கேஸில் மூடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ரிப்பன் துருப்பிடிக்காதது என்றாலும் உள்ளே இருக்கும் நடுக்கம்பி ஸ்டீல்தான், துரு நுனியிலிருந்து ஏறும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வாசிக்கப் போனால் அங்கே டிரஸ் ராடைத் தொடாதீர்கள். ஈரப்பதம் மாறி நெக் சற்று நகர்ந்திருக்கும், மலைக்குத் திரும்பியதும் தானாகப் பழைய இடத்துக்கு வரும்.

ரவுண்ட்வுண்டை வெந்நீரில் போட்டு உயிர்ப்பிக்கும் வித்தையை ஃபிளாட்வுண்டிடம் காட்டாதீர்கள், பட்டு நூல் நனைந்து கெடும். முதல் சில வாரங்கள் கம்பி கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம். கழற்றிய பழைய செட்டைச் சுருட்டிக் கேஸிலேயே வையுங்கள், உங்கள் பேஸுக்கு அளவாக வெட்டிய கம்பி அது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று அறுந்தால் குன்னூரில் தனிக் கம்பி தேடி அலைய வேண்டியிருக்காது.