நிலத்தை விற்கும் முன் டயாலிசிஸ் அறையைப் போய்ப் பாருங்கள்

போன வாரம் ஒரு அம்மா, அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு மகளோடு என்னிடம் வந்தார். நீட் இரண்டு முறை எழுதியும் அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. சித்தப்பா எம்பிபிஎஸ் படிக்க ஜார்ஜியாவுக்கு அனுப்பலாம் என்கிறாராம், தாய்மாமா இன்னொரு வருடம் கோச்சிங் என்கிறாராம். அம்மா அழுதார். கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன், அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

அம்மா, இரண்டு ஏக்கரை விற்று வெளிநாடு அனுப்ப நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, அதில் தேறினால் இங்கே மறுபடியும் பயிற்சி. ஏஜென்ட் சொன்ன தொகையில் இந்தக் கடைசி வருடங்களின் சாப்பாட்டுச் செலவாவது இருக்கிறதா?

மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால் சொந்தக்காரர்களுக்கு எம்பிபிஎஸ் மட்டும்தான். 1988 முதல் இயங்கும் கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நர்சிங், ஃபார்மசி, ரேடியாலஜி, டயாலிசிஸ் எல்லாவற்றுக்கும் பாடத்திட்டம் போட்டு, தேர்வு வைத்து, பட்டம் தருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் மெஷினை வாங்கி வைத்துவிடலாம், ஓட்டத் தெரிந்த ஆள் இந்தப் படிப்புகளிலிருந்துதான் வரவேண்டும்.

பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். தாத்தாவோடு அரசு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வருகிறாளாம். எந்த அலாரம் எதற்கு அடிக்கும் என்று சொல்ல ஆரம்பித்தவள், அப்போதுதான் தலையையே நிமிர்த்தினாள்.

பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி, பயிற்சி வருடத்தோடு சேர்த்து நான்கு வருடம். அரசுக் கல்லூரி இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்பி வருகிறார்கள், இந்த வருடச் சேர்க்கைக் கையேடு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். வேலை என்னவென்றால், நோயாளியை எடை பார்த்து உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறக்குவது என்று கணக்குப் போட வேண்டும், கையில் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தில், இரண்டு ஊசி ஏற்ற வேண்டும், நான்கு மணி நேரமும் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் ஓடும். அதில் குளோரின் தங்கினால் ரத்த அணு உடையும், ஆகவே ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிப்பதும் இவர்கள் பொறுப்புதான். வாரம் இரண்டு மூன்று தடவை அதே முகங்கள். சில நாள் ஒரு கட்டில் காலியாக இருக்கும், அதையும் தாங்க வேண்டும்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், ஒளிக்க மாட்டேன். அரசு வேலையிலும் பலர் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட முடியாது. ஆனால் கடன் இல்லாமல் படித்து முடிப்பாள், அதுவும் தனக்குப் பிடித்த படிப்பை. மூன்றாவது தடவை நீட் எழுத மாட்டேன் என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டாள், அப்புறம் தாய்மாமாவுக்கு இதில் என்ன பேச்சு?

புதன்கிழமை தாத்தாவின் முறை. அன்றைக்கு அங்கே இருக்கும் டெக்னீஷியனிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். சித்தப்பாவையும் கூட்டிப் போங்கள்.