கிணற்று நீரின் மஞ்சள் நிறமும் சிரட்டைக்கரியும்

வினா: மாரி முடிந்ததும் எங்கள் கிணற்று நீர் தேயிலைச் சாயம் போல் மஞ்சளாகிவிடுகிறது. சிரட்டையைச் சுட்டெடுத்த கரியில் வடித்துப் பார்த்தும் நிறம் பெரிதாகக் குறையவில்லை. கரி நீரைத் தெளிவாக்கும் என்பது பொய்யா?
ஒரு வாசகி, சாவகச்சேரி

விடை: பொய்யன்று; ஆனால் எல்லாக் கரியும் ஒன்றல்ல. முதலில் அந்நீரைக் கண்ணாடிப் போத்தலொன்றில் ஓரிரவு அசையாமல் வையுங்கள். அடியில் செம்மண்டி படிந்தால் இரும்போ மண்ணோ காரணமாகலாம். மண்டியின்றி மஞ்சள் அப்படியே நின்றால், இலை சருகுகள் உக்கும்போது உண்டாகும் ஹியூமிக், புல்விக் அமிலங்கள் கரைந்திருக்கின்றன என்று கருதலாம். இவை தம்மளவில் பெரிய நஞ்சல்ல. எனினும் குளோரீனுடன் சேரும்போது குளோரோபோம் போன்ற தீங்கான சேர்வைகள் தோன்றுகின்றன என்பதை நெதர்லாந்து இரசாயனவியலாளர் ரூக் 1974 இல் எடுத்துக்காட்டினார். அதற்காகக் குளோரீன் இடுவதைக் கைவிட வேண்டாம். கிருமிகளால் வரும் தீங்கு அதனிலும் பெரிது. இந்த அமிலங்கள் போன்ற சேதனப் பொருளை முன்னரே நீக்குவதுதான் வழி.

அடுப்பில் சுட்ட கரியில் துளைகள் குறைவு. அதையே 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் பதப்படுத்தினால் எண்ணற்ற நுண்துளைகள் திறந்து, ஒரு கிராமின் உள்மேற்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றராகிறது. நம்மூர்க் கணக்கில் நான்கு பரப்புக் காணி. கரைந்த பொருள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதையே புறத்துறிஞ்சல் என்கிறோம். ஆயினும் சிரட்டையிலிருந்து இப்படிப் பதப்படுத்திச் செய்த கரியின், அதாவது காபனின், துளைகளிற் பெரும்பாலானவை 2 நனோமீற்றருக்கும் குறுகியவை. மணம், சுவை தரும் சிறு மூலக்கூறுகளுக்கு அவை மிகப் பொருத்தம்; பருத்த ஹியூமிக் மூலக்கூறுகளோ வாசலிலேயே நின்றுவிடும். அவற்றுக்கு மரத்திலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ செய்த, அகன்ற துளையுள்ள காபனே ஏற்றது. நம் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரிலுள்ள கல்சியம் இந்த ஒட்டுதலுக்குத் துணைசெய்யும் என்பது ஓர் ஆறுதல்.

படிகாரத்தால் பெரும்பகுதியைத் திரட்டிப் படியவைத்து, தெளிந்த நீரைக் காபனில் மெதுவாக ஓடவிட்டு, கடைசியாகக் குளோரீன் இடுவதே முறை. துளைகள் நிரம்பிய காபனை மாற்றாமல் வைத்திருந்தால் அதிலேயே கிருமிகள் பெருகும்.

நிறம் போனாலும் நைத்திரேற்று போகாது என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பசளையாலும் மலக்குழிகளாலும் நம் கிணறுகளிற் சேரும் அது சாதாரண காபனில் நிற்பதில்லை. கொதிக்கவைத்தால் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்நீரை எடுப்பதாயின், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் ஆய்வுகூடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.