வீட்டு ஷெட்டில் டூ-போஸ்ட் லிஃப்ட்: தரை தாங்குமா?

கேள்வி: சூலூர் அருகே வீட்டை ஒட்டிய ஷெட்டில் என் வண்டிகளை நானே வேலை பார்க்கிறேன். ஒரு மாருதி 800, ஒரு பொலேரோ. ஷெட் 14 அடி அகலம், 22 அடி நீளம். தகரக் கூரை, தாழ்ந்த பக்கத்தில் 11 அடி உயரம். தரை நாலு இஞ்ச் கான்கிரீட், மேலே டைல்ஸ். மூடப்போகும் ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து 4 டன் டூ-போஸ்ட் லிஃப்ட் (இரண்டு தூண்களிலிருந்து நீளும் கைகளால் வண்டியைத் தூக்குவது) மலிவாக வருகிறது. வாங்கி மாட்டலாமா? சிங்கிள் ஃபேஸ் கரண்ட் போதுமா?

பதில்: மாட்டலாம், ஆனால் இப்போது இருக்கும் தரையில் வேண்டாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தரைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுங்கள். மலிவா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

அதற்கும் முன்னால், விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு தூண்களையும் இணைக்கும் பீம் மேலே இருக்கிறதா, கீழே தரையோடு தகடாக ஓடுகிறதா? மேலே பீம் உள்ளவை பொதுவாக பதினொன்றரை, பன்னிரண்டு அடி உயரம் வரும். உங்கள் ஷெட்டில் நிற்காது, பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். தகடு கீழே ஓடும் வகை என்றால் ஒன்பதரை அடிக்குள் அடங்கும். வண்டியின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 800-இன் உயரம் 1.4 மீட்டர்தான், தாராளமாக முழு உயரத்துக்குத் தூக்கலாம். பொலேரோ ஏறக்குறைய 1.9 மீட்டர். 11 அடி என்பது 3.35 மீட்டர், எனவே 1.4 மீட்டருக்கு மேல் தூக்கினால் வண்டியின் கூரை தகரத்தில் இடிக்கும். அந்த உயரத்தில் தூணில் சிவப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள். அங்கே தானாக நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வைத்தால் இன்னும் நல்லது. அகலம், நீளம் இரண்டிலும் உங்களுக்குக் கவலை இல்லை.

இனி தரை. நம் ஊரில் டைல்ஸுக்கு அடியில் போடுவது பெரும்பாலும் 1:4:8 கலவை. ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி. அதன் வலிமை எம்7.5 அளவுக்குத்தான் வரும் (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்). லிஃப்ட் கையேடுகள் பொதுவாகக் கேட்பது குறைந்தது 3000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு) வலிமை, அதாவது ஏறக்குறைய எம்20. நாலு இஞ்ச் கனம் இருந்தும் சரக்கு போதாது. வண்டி நிறுத்த அது தாங்கும், ஏனென்றால் அங்கே பாரம் கீழே மட்டும் அழுத்துகிறது. டூ-போஸ்ட் லிஃப்டோ ஒரு பக்கம் அழுத்தும், மறுபக்கம் போல்ட்டைப் பிடுங்கும்.

எவ்வளவு பிடுங்கும் என்று தோராயமாகப் பார்க்கலாம். பொலேரோவை 1.6 டன் என்று வைத்துக்கொண்டால் ஒரு தூணுக்கு 800 கிலோ. அது பேஸ் பிளேட்டின் (தூணின் அடியில், தரையோடு போல்ட் போடும் தகடு) முன் விளிம்பிலிருந்து 90 செ.மீ. தள்ளி, கையின் நுனியில் உட்காருகிறது. தூண் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். பின்பக்க போல்ட்டுகள் அந்த விளிம்பிலிருந்து 35 செ.மீ. தூரத்தில் இருந்தால், அவற்றின் மேல் வரும் இழுவை 800 × 90 ÷ 35, இரண்டு டன்னுக்கு மேல். மேலே பீம் இல்லாத வகையில் இந்த இழுவை முழுவதும் தரைக்குத்தான் போகும். 1:4:8 கலவையில் போல்ட் கூம்பு வடிவக் கட்டியாகப் பெயர்ந்து வந்துவிடும். டைல்ஸ் மேலேயே பேஸ் பிளேட்டை வைத்து முடுக்குவதை நினைத்தே பார்க்காதீர்கள். டைல்ஸ் நொறுங்கினால் முடுக்கிய போல்ட் தளர்ந்துவிடும்.

எனவே லிஃப்ட் நிற்கும் இடத்தில் குறுக்காக 13 அடிக்கு 4 அடி பட்டையாகத் தரையை உடைத்து எடுங்கள். இரண்டு தூணுக்கும் தனித்தனி குழி வேண்டாம். ஒரே பட்டையாக இருந்தால் ஒரு தூண் மட்டும் தனியாக இறங்காது. கீழே கரிசல் மண் இருந்தால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அதைக் கெட்டியான மண் வரும்வரை தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இடியுங்கள். அதன் மேல் ஒரு அடி கனத்துக்கு எம்25 கான்கிரீட், மேலும் கீழும் 12 மி.மீ. கம்பி வலை. மொத்தம் சுமார் ஒன்றரை கன மீட்டர், சிமென்ட் பத்து, பன்னிரண்டு மூட்டை. “இதுக்கெல்லாம் எதுக்குங்க இவ்வளவு கம்பி” என்று கொத்தனார் கேட்பார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஒரு தடவை வரவழைத்துக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கான்கிரீட் போடும் முன்பே பேஸ் பிளேட்டின் ஓட்டைகளை அளந்து, அந்த இடங்களில் கம்பி வராதபடி கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அப்புறம் ஹாமர் டிரில் கம்பியில் போய் முட்டி நிற்கும். போட்ட கான்கிரீட்டில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். 28 நாள் முடியாமல் துளை போட வேண்டாம். போல்ட் இறக்கும் முன் துளைக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து முழுவதும் வெளியேற்ற வேண்டும். தூள் தங்கினால் ஆங்கருக்கு, அதாவது தரையைப் பிடிக்கும் அந்த போல்ட்டுக்கு, பிடிப்பு கிடைக்காது. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள், அந்த லிஃப்டின் கையேடு சொல்லும் அளவில் புதிதாக வாங்குங்கள்.

கரண்ட் விஷயம் எளிது. இந்த லிஃப்டுகளில் பெரும்பாலும் 3 எச்.பி. மோட்டார் இருக்கும். பழைய ஒர்க்‌ஷாப்பில் இருந்தது என்றால் அநேகமாக மூணு ஃபேஸ். சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக மாற்றலாம், கோவையில் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமா என்ன? அது ஓடும்போது 14 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கிளம்பும்போது பல மடங்கு. வீட்டு பிளக்கில் சொருகாமல், 4 சதுர மி.மீ. காப்பர் வயரில் தனி லைன், தனி எம்சிபி, நல்ல எர்த் கொடுங்கள்.

பழைய லிஃப்டை நேரில் போய், ஒரு வண்டியை ஏற்றி இறக்கச் சொல்லிப் பாருங்கள். ஹைட்ராலிக் வகை என்றால் இரண்டு தூணிலும் வண்டி இறங்காமல் பிடிக்கும் லாக் ஒரே நேரத்தில் ‘டக், டக்’ என்று விழ வேண்டும். இரண்டு பக்கத்தையும் சமன்படுத்தும் இரும்புக் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் கயிறு மாற்ற வேண்டும். ஸ்க்ரூ வகை என்றால் பாரம் தாங்கும் நட்டுக்குக் கீழே சேஃப்டி நட் ஒன்று இருக்கும். மேல் நட் தேயத் தேய இரண்டுக்கும் இடையிலான சந்து குறையும். சந்து ஒட்டிப்போயிருந்தால் அந்த லிஃப்டைத் தொடாதீர்கள். பேஸ் பிளேட் வெல்டிங்கில் விரிசல், கைகள் விலகாமல் பிடிக்கும் பற்களில் தேய்மானம், இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். திறனும் வரிசை எண்ணும் எழுதிய பிளேட் இல்லாத லிஃப்ட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் ஆளுக்கொரு சிக்கல் உண்டு. 800 குறுகலான, குட்டையான வண்டி. 4 டன் லிஃப்டின் கைகளை முழுக்கச் சுருக்கினாலும் ஜாக்கி பாயின்டுக்குச் சரியாக வருகிறதா என்று அளந்து பாருங்கள். பொலேரோவுக்குத் தனிச் சட்டம் என்பதால் லிஃப்ட் கைகளின் நுனியில் உள்ள பேடுகள் அந்தச் சட்டத்தில் (சேஸிஸ்) உட்கார வேண்டும், அதற்கு உயர அடாப்டர் தேவைப்படலாம்.

மாட்டியபின் முதலில் வெறுமனே சில தடவை ஏற்றி இறக்குங்கள். பிறகு 800-ஐ ஒரு அடி தூக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சில தடவை பாரம் ஏற்றியபின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். வேலை பார்க்கும்போது ஹைட்ராலிக் லிஃப்டாக இருந்தால் வண்டியை லாக்கில் இறக்கி உட்கார வைக்காமல் அடியில் போகக் கூடாது. 800-இல் இன்ஜினை இறக்குவதாக இருந்தால் முன்பக்க எடை போய், பின்பக்கம் கனத்து வண்டி சரியும். உயரமான ஸ்டாண்டைப் பின்பக்கம் முட்டுக் கொடுத்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள்.

தரையை உடைக்க மனமில்லை என்றால் கத்தரி போல் விரிந்து ஒரு மீட்டர் தூக்கும் சிஸர் லிஃப்ட் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் நடு வயிற்றை அது மறைக்கும், கியர்பாக்ஸ் வேலை சிரமம். பிரேக், சஸ்பென்ஷன், டயர் வேலைக்கு அதுவே போதும்.