641 எப்படி வந்து நுழைந்தது?

கேள்வி: 4294967297 பகா எண் அல்ல, 641ஆல் மீதியின்றி வகுபடும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது எட்டு இலக்கக் கால்குலேட்டர்; எண்ணே அதில் அடங்கவில்லை. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முழு எண்ணை அடிக்கவே வேண்டாம். அது 2இன் 32ஆம் அடுக்குடன் 1 சேர்த்தது. வர்க்கப்படுத்திக்கொண்டே போய், 641ஆல் வகுத்த மீதியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 16ஆம் அடுக்கு 65536. அதில் 641 × 102 = 65382 போக மீதி 154. இந்த 154இன் வர்க்கம் 23716. ஆனால் 641 × 37 = 23717. ஒன்றே ஒன்று குறைகிறது! அதைத்தான் நம் எண்ணின் கடைசி ‘+1’ நிரப்புகிறது. ஈவு 6700417, அதுவும் பகா எண்தான்.

மீதி காண, தசமப் பகுதியை 641ஆல் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம். 102.24024இல் .24024ஐப் பெருக்கினால் 153.99384 என்று நிற்கும். கழித்தே பாருங்கள்.

கேள்வி: 641ஐக் கணிதவியலாளர் ஆய்லர் எப்படிப் பிடித்தார்?

பதில்: 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளுடன் 1 சேர்த்தால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக வந்ததால், அடுத்ததான நம் எண்ணும் அப்படியே என்று ஆய்லருக்கு முந்தைய கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அதை 1732இல் உடைத்தவர் ஆய்லர். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். ஆக 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது! 2, 3, 5 என்று வரிசையாகப் போனால் 641 வருவது 116ஆவது இடத்தில்.

கேள்வி: என் நிரலில் இந்த எண் 1 ஆகிவிடுகிறதே?

பதில்: எதிர்ம எண்களை ஏற்காத (unsigned) 32 பிட் மாறியில் 4294967295 வரைதான் இடம், அதைத் தாண்டினால் மறுபடி 0இலிருந்து தொடங்கும். 64 பிட் மாறிக்கு மாற்றுங்கள்.